புள்ளி வெச்ச ஃபோல்டர்

ஹலோ... ஹலோ, வினோத் அண்ணே? ஷாஹினா பேசுறேன், ஹட் பே ஆபீஸ்லேர்ந்து... ஆமா ஆமா, இங்க லைன் விட்டு விட்டுத்தான் வரும், போய் எட்டு நாள்ல மறந்துட்டீங்களா... நல்லா இருக்கேன். போர்ட் பிளேர்ல லம்பா லைன் ஆபீஸ் எப்படி... ஏசி ரூமா. அச்சா.

இல்லண்ணே, சும்மா கூப்பிடல. இங்க இருக்கற உங்க லாகினை இன்னிக்கு மூடச் சொல்லி அங்கேர்ந்து ஸ்ரீதர் சார் மெயில் போட்டிருக்காரு... மூடிருவேன். மீன் வரத்து ஷீட் இனிமே முழுசும் நான்தானே போடணும், அதான் உங்க ஸ்கிரிப்டை என் லாகின்ல ஓட்டிப் பாத்தேன்... ஓடல. அப்படி ஒரு ஆப்ஷனே இல்லேங்குது... டைப்பிங் மிஸ்டேக் இல்லண்ணே. உங்க லாகின்ல ஓடுது, என்னுதுல ஓடல. ஒரே மெஷின்.

...

அரே, கேளுங்கண்ணே. உங்க ஃபோல்டரைத் தொறந்தேன். மறைச்சு வெச்சதையும் சேத்துப் பாத்தேன். பேருக்கு முன்னாடி புள்ளி வெச்சா கண்ணுல படாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. உள்ள, நம்ம ஷீட்டைப் பிரிக்கிற அதே டூல் இருக்கு, புது வெர்ஷன். மெஷினோட வந்த டெபியன் சிஸ்டம் குடுத்தது இல்ல. கையால வெச்சது.

ம்... ம்... டெஸ்ட் பண்ணவா. ரெண்டு வருஷமாவா?

நான் எத்தனை தடவை கேட்டேன்... இல்ல, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பழைய வெர்ஷன் தேதியைப் பிரிக்க மாட்டேங்குது, புதுசை வெச்சுக்கலாமான்னு. ஸ்டேபிள்னா ஸ்டேபிள், டெபியன் குடுத்ததைத் தவிர கையால எதையும் வெக்கக் கூடாது, மெஷின் கெட்டா சரி பண்ண யாரு கப்பல் ஏறி வருவான்னீங்க. நம்பினேண்ணே. தேதிக்கு மட்டும் தனியா அறுபது வரி எழுதினேன். என்னுது காலைல ஓட்டி விட்டா சாயங்காலம் முடியும். உங்களுது டீ ஆறுறதுக்குள்ள முடியும்.

ஆமா, முடியும்... ஆமா. "ஷாஹினா வேலை சுத்தம், வேகம் போதாது"ன்னு சார் இங்க வந்தப்ப ரிப்போர்ட்ல எழுதினாரே, அப்ப பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க. அவங்களும் கத்துக்குவாங்க சார்னு சிபாரிசு வேற. இருந்தது ஒரே ஒரு போர்ட் பிளேர் போஸ்ட், அது உங்களுக்குப் போச்சு. என் பொண்ணு அங்க என் மாமியார் வீட்டுல இருந்து படிக்கிறா, அதுவும் உங்களுக்குத் தெரியும்...

அழல. மூக்கடைப்பு.

இன்னொண்ணு கேளுங்க. இங்க நெட்டுல மெயிலைத் தவிர எதுவும் எறங்காது. எல்லாம் பென்டிரைவ்ல கப்பல்ல வரணும், வந்தா ரெஜிஸ்டர்ல ஏத்தணும். உங்க ஃபோல்டர்ல டூல் ஏறின தேதியை வெச்சு ரெஜிஸ்டரைப் புரட்டினேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஜூலை பன்னெண்டு. "வினோத்குமார், பென்டிரைவ் ஒண்ணு, கல்யாண போட்டோ." வாங்கினதுக்கு யாரு கையெழுத்து... சொல்லுங்க... ஆமா. என்னுதுதான். உங்களுக்கு ஜுரம்னு நான் கப்பல் ஜெட்டிக்குப் போனேன். கொட்டுற மழைல, டிபன் பாக்ஸுக்குள்ள போட்டு, நனையாமக் கொண்டாந்து உங்க கையில குடுத்தேன்.

...

அழிக்கவா? லாகினோட சேத்தா?

இல்ல. காலைலயே எடுத்து, எல்லா லாகினுக்கும் கிடைக்கிற மாதிரி லோக்கல் ஃபோல்டர்ல வெச்சுட்டேன். டெபியனோடதை ஒண்ணும் தொடல. மெஷின் கெடல... பதினொரு நிமிஷம். ஆறு மாச ஷீட்டும் முடிஞ்சிருச்சு.

ரெஜிஸ்டர்லயா? எழுதிட்டேன்... இருந்தது இருந்தபடிதான். எந்த டூல், எந்த வெர்ஷன், யாரு கொண்டு வந்தது, எந்தத் தேதி, எந்த ஃபோல்டர்ல இருந்துச்சு. பழைய பக்கத்துல கல்யாண போட்டோன்னு இருந்ததை அடிச்சுத் திருத்தல. அந்தப் பக்க நம்பரையும் போட்டிருக்கேன்.

இல்லண்ணே, ஸ்ரீதர் சாருக்கு நான் போன் பண்ணல. எதுக்குப் பண்ணணும்? மாசக் கடைசி. ரெஜிஸ்டர் எப்பவும் போல நாளைக்குக் கப்பல்ல வருது. அங்க வாங்கி சார் மேஜைல வெக்கிறது இப்ப உங்க வேலைதானே... ஆமா, உங்க பேருதான் கவர்ல எழுதியிருக்கேன்... பக்கத்துக்குப் பக்கம் நம்பர் இருக்கு, பாத்துக்குங்க.

டீக் ஹே, சரி. அங்கயும் மழையாம். நான் கொண்டாந்த மாதிரி நனையாமக் கொண்டு போய்க் குடுங்க... வெக்கிறேன், வினோத்குமார் சார்.