வீட்டைத் தாங்கும் சுவர்

– சுத்தியலைக் கீழ வைங்க மேஸ்திரி! அந்தச் சுவர்ல கைய வெச்சா மாடியே தலைமேல உக்காந்துடும்.

– யாரு சார் சொன்னது?

– நான்தான். பதினோரு வருஷமா சொல்றேன். அதாவது, இது வீட்டைத் தாங்குற சுவர்.

– கல்யாணமான வருஷமே கேட்டேன் மேஸ்திரி, சமையல்கட்டுக்கும் கூடத்துக்கும் நடுவுல இது எதுக்கு, எடுத்துடலாமேன்னு. அன்னிலருந்து இவர் இதே பல்லவிதான். எல்லாரும் கூடத்துல சிரிச்சுப் பேசுவாங்க. நான் உள்ள அடுப்போட பேசிட்டிருப்பேன்.

– அடுப்பு எதிர்த்துப் பேசாதுல்ல? குடுத்து வெச்சவ நீ.

– ஆமா, உங்களுக்குச் சிரிப்பா இருக்கு.

– கொஞ்சம் பொறுங்கக்கா. சார், ஏணியைப் பிடிங்க. தட்டிப் பாத்துடுவோம். ம்... கனம் நாலரை அங்குலம்தான். இது தன்னைத் தாங்கிக்கிறதே பெரிய விஷயம்.

– தட்டிப் பாத்துச் சொல்ல இது என்ன தர்பூசணியா?

– சரி, அந்த நியூஸ்பேப்பரைக் குடுங்க. அக்கா, நீங்க உள்ள போய் சுவரோட உச்சியைப் பாருங்க. மேல சொருகுறேன், பேப்பர் அந்தப் பக்கம் வருதா?

– வருது, வருது! முக்கால்வாசி வந்துடுச்சு!

– பாத்தீங்களா சார்? சுவருக்கும் மேல்தளத்துக்கும் நடுவுல ஒரு விரக்கடை இடுக்கு. தாங்குற சுவருக்கு மேல பேப்பர் போகுமா?

– சரிப்பா, தாங்கல. ஒத்துக்கறேன். ஆனா வெங்காய நெடி? கழுவாத பாத்திரம்? வர்றவங்க என்ன நினைப்பாங்க?

– நீங்க கழுவி வெச்சா நல்லவிதமா நினைப்பாங்க.

– மேஸ்திரி, நீங்களாவது சொல்லுங்க. அதாவது, ஞாயித்துக்கிழமையானா என் தம்பி வர்றான். அவன்கூட நாலு வார்த்தை மனசுவிட்டுப் பேச ஒரு மறைவு வேணாமா?

– எந்த நாலு வார்த்தை? “உப்பை அள்ளிக் கொட்டுறாடா, என் நாக்கே செத்துப் போச்சு”ன்னீங்களே, அதுவா?

– உனக்கு... எப்படி?

– பேப்பர் வந்த வழியாத்தான். மறுநாள் உப்பே போடாம வெச்சேனே, மறந்துட்டேன்னா நினைச்சீங்க?

– பதினோரு வருஷமாவா?

– ஒரு ஞாயித்துக்கிழமை விடாம. எங்க அண்ணனைப் பத்திச் சொன்னதும் சேத்து.

– சார், ஏணி ஆடுது. கெட்டியாப் பிடிங்க.

– அதாவது... அதாவது, எல்லாமே உனக்குக் கேக்குதுன்னா, அப்புறம் எதுக்கு இதை இடிக்கணும்?

– கேட்டது போதும். இனிமே பதில் சொல்லணும். சொல்லும்போது உங்க மூஞ்சியைப் பாக்கணும்.