பதினேழாம் வண்டிக்கு ஒரு பச்சைப் பாக்கெட்

முதல் பஸ் கிளம்ப இன்னும் மூன்று மணி நேரம் நாற்பது நிமிடம் இருந்தது. காவ்சியுங் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் அந்த நேரத்துக்கு நாய்கூட நடக்காது. அதன் கடைசியில் பஸ் பணிமனை.

இது என்னோடு வேலை பார்க்கும் ஷு-ஹுவேயின் நாத்தனாருக்கு நடந்தது. பெயர் யுவே-ஷான். மின்சார பஸ் மெக்கானிக். எதற்கும் பயப்படுகிறவள் இல்லை. அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்...

அந்த ரக பஸ்களில் ஒரு கோளாறு. சாவியைத் திருப்பி அணைத்தாலும் சில சமயம் உள்ளே மின்சாரம் நிற்பதில்லை. மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய ரிலே சுவிட்ச் ஒட்டிக்கொண்டுவிடும். தயாரித்த கம்பெனி அத்தனை வண்டிகளையும் பழுது பார்க்கத் திரும்ப அழைத்திருந்தது. பக்கத்து ஊர்ப் பணிமனையில் ஒருவன், அணைந்துவிட்டது என்று நம்பி, உயர் மின்சாரம் பாயும் ஆரஞ்சு கேபிளைத் தொட்டான். அவனை அடக்கம் செய்து பத்து நாள்கூட ஆகவில்லை.

விடுப்பு முடிந்து யுவே-ஷான் அன்று இரவுதான் வேலைக்கு வந்தாள். பதினேழாம் வண்டியின் கேபிள் முனையை மாற்ற வேண்டும். விடிந்ததும் இன்னும் நாலு பேர் அதே வண்டியில் கை வைப்பார்கள்.

ஆவிகள் உலவும் ஏழாம் மாதம் வேறு. ஆவிகளுக்காக வாசலில் எரித்த காகிதப் பணத்தின் சாம்பல், மழையில் நனைந்து நாறிக்கொண்டிருந்தது.

வண்டிக்குள் ஏறினாள். ஸ்டியரிங் பக்கத்தில் எப்போதும் இருக்கும் பச்சைப் பாக்கெட்டைக் காணோம். வெறும் சோளப்பொரி பாக்கெட்தான். ஆனால் அதை வைத்தால் இயந்திரம் சமர்த்தாக ஓடும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. மஞ்சள் பாக்கெட் கூடாது, தேதி முடிந்ததும் கூடாது. காவல் அறையில் இருந்த இரவுக் காவலாளி ஆ-காயைப் போனில் அழைத்தாள்.

"டேய், வண்டில இருந்த பாக்கெட்டைத் தின்னுட்டியா?"

"ஐயோ அக்கா, சாமி பாக்கெட்டை எவனாவது தின்பானா? பகல் ஷிஃப்ட்காரங்க எடுத்திருப்பாங்க."

"ஆமா, உன் தொப்பையும் பகல் ஷிஃப்ட்காரங்க போட்டதுதான்."

தன் பையிலிருந்து புதுப் பச்சைப் பாக்கெட் ஒன்றை எடுத்து வைத்தாள். வேலை தொடங்குமுன் எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான். இரண்டு கையையும் கூப்பினாள். "சமர்த்தா ஓடணும், சரியா?"

டிங்.

பின்சீட்டுப் பக்கம் சிவப்பு விளக்கு எரிந்தது. இறங்குகிறவர்கள் அழுத்தும் மணி.

அவள் சாவியே போடவில்லை.

ரிலேதான், என்று நினைத்துக்கொண்டாள். ரப்பர் கையுறை மாட்டி, பின்னால் இருந்த கேபிள் இணைப்புப் பெட்டியைத் திறந்து, ஆரஞ்சு கேபிளில் மீட்டரை வைத்தாள். பூஜ்யம். எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தாள். பூஜ்யம்.

முன்னாலிருந்து விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்துகொண்டு வந்தன. ஏசி முனகியது. குளிர்ந்த காற்றில் கருகிய பிளாஸ்டிக் வாசனை. அறிவிப்புக் குரல், நிதானமாக, அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொன்னது.

மீட்டரை நம்பிக் கை வைப்பதா? விளக்கை நம்பிக் கையை எடுப்பதா? கையுறைக்குள் விரல்கள் வியர்த்தன. கேபிள் அரை சாண் தூரத்தில்...

டிங்.

பின் கதவு ஸ்ஸ்... என்று திறந்தது. அவளுக்குப் பின்னால் தரை ஒருமுறை கிறீச்சிட்டது. பிறகு இன்னொரு முறை, கதவுக்குப் பக்கத்தில். வண்டி அந்தப் பக்கம் லேசாகச் சாய்ந்தது. பிறகு மெல்ல நிமிர்ந்தது... ஓர் ஆள் இறங்கினால் நிமிருமே, அப்படி.

கையை இழுத்துக்கொண்டு முன்கதவு வழியாகப் பாய்ந்தாள். வாசல் வரை ஓடித்தான் போனை எடுத்தாள்.

"ஆ-காய்! பதினேழை யாரும் தொடக்கூடாது. மீட்டர் பொய் சொல்லுது. உள்ள முழு பவர் இருக்கு. காலைல வர்றவங்ககிட்ட சொல்லு, பேட்டரியை முதல்ல..."

 

"எந்த பேட்டரி அக்கா?"

"விளையாடாதடா."

"நீ லீவுல இருந்தப்பவே..." அவன் குரல் தாழ்ந்தது. "பெருசு, சின்னது எல்லாத்தையும் கழட்டி கம்பெனிக்கு அனுப்பிட்டோம். பதினேழுல பேட்டரியே இல்லக்கா."