மஞ்சள் மாத்திரையும் சிவப்பு ஊசியும்

— ...அதுக்கு அடுத்த வீடு?

— பவுல் அண்ணாச்சி வீடு. அவிய வீட்டம்மாவுக்கு இடுப்பு வலி. இன்னும் எத்தன வீடு கேப்பிய?

— தெருக் கடைசி வர கேப்பேன். போன மாசம் நம்ம வீட்டுக்கே வழி தெரியாம பஸ் ஸ்டாப்புல நின்னியே இசக்கி...

— நின்னேன். எதிர்வீட்டு ஜெனோதான் கூட்டிட்டு வந்தா.

— பாத்தியா, அதுவும் ஞாபகம் இருக்கு. எனக்குப் புல்லரிக்கி. ஏளா, எட்டே எட்டு ஊசி. மாதுளஞ்சாறு மாதிரி செவப்பா, ஒரு சொட்டு. முப்பத்தாறு வருசம் சரக்குத் தோணியில ஓடுனேன், கடல்ல என்னென்னமோ பாத்தேன்... இப்படி ஒண்ணப் பாத்ததில்ல.

— டாக்டரம்மா என்னதான் சொன்னாவ?

— பி பன்னெண்டுன்னு ஒரு சத்து. ரத்தத்துல அது அடிமட்டத்துல கிடந்திருக்கு. வயசு காலத்துல அது கொறஞ்சா மறதி வருமாம். மீனு, முட்ட, பால்ல இருக்காம். நீ எதத் தின்ன? பதினோரு வருசமா கருப்பட்டிக் கடுங்காப்பியும் ரசஞ்சோறும். தூத்துக்குடில இருந்துக்கிட்டு மீனு வாடை பிடிக்கலன்னா... இப்பவாவது சொல்லு. ஏன் விட்ட?

— வாடையெல்லாம் இல்ல.

— பின்ன?

— மாலத்தீவு போன ஒங்க தோணி அஞ்சு நாள் காணாமப் போச்சுல்லா. நீங்க உசுரோட வந்தா மீனு, முட்ட தொடமாட்டேன்னு திருச்செந்தூர் முருகன்ட்ட வேண்டிக்கிட்டேன்.

— ஒரு தப்புப் பண்ணிட்டேன் இசக்கி. ஊசிக்கு முந்தி, சத்து மாத்திரன்னு சொல்லி மஞ்சளா ஒண்ணு தந்தேன்லா, மூணு மாசமா... ஞாபகசக்திக்குன்னு மெடிக்கல்ல குடுத்தான். அது மீன் எண்ண. அதால ஒரு பிரயோசனமும் இல்லன்னு டாக்டரம்மாவும் சொல்லிட்டாவ.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— மீனுன்னு. மொத நாளே ஏப்பத்துல சாளை மீன் வாடை வந்துட்டு.

— தெரிஞ்சேவா முழுங்குன? சாமிட்ட சொன்ன வாக்கு...

— அன்னைக்குக் காலைல கட்டில்ல படுத்திருக்கது யாருன்னு கொஞ்ச நேரம் நின்னு யோசிச்சேன். ஒங்க பேர வாயால சொல்லமாட்டேன், மனசுலயும் வரல. யாருக்காக மீன விட்டேனோ அந்த ஆளையே தொலச்சிட்டா பொறவு என்ன வேண்டுதல்? முருகன்ட்ட மன்னிச்சிருன்னு சொல்லிட்டு, நீங்க அந்தப் பக்கம் போனதும் இன்னொண்ணையும் எடுத்துப் போட்டுக்கிட்டேன்.