மேலிருந்து பார்த்த குடும்பம்

ஞாயிற்றுக்கிழமை காலை, பாடியிலிருந்து ஆவடி போகிற பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். அவர்களுக்கு முன்னால் கணவருடைய அம்மாவும் இரண்டு பிள்ளைகளும். எல்லோரும் புதுத்துணியில் இருந்தார்கள்.

"இந்தப் பெரிய வட்டம் நீதான்" என்றார் கணவர்.

அதற்குப் பிறகு நான் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

அவர் மடியில் ஒரு காகிதம். போட்டோ ஸ்டூடியோவில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று வீட்டிலேயே ஸ்கேல் வைத்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

"இன்னா மாமா, எனுக்கு மூஞ்சி இல்லியா?"

"மேலேர்ந்து பாத்தா மூஞ்சி தெரியாது. ஃபேக்டரில மெஷின் எங்கெங்க வெக்கணும்னு இப்பிடித்தான் போடுவேன்."

"நான் இவ்ளோ பெருசாவா கீறேன்?"

"கொண்டையோட சேத்து."

"அத்தை?"

"நடுவுல, சேர்ல. சின்ன வட்டம் ரெண்டும் பசங்க."

"உன் வட்டம் எங்க?"

அவர் கீழ் மூலையில் ஒரு கட்டத்தைக் காட்டினார். அதில் அவர் பெயர் இருந்தது.

"வரைஞ்சவன் பேரு இங்கதான் வரும்."

"பேரு இருக்கட்டும். நீ எங்க நிப்ப?"

அம்பத்தூர் வரும்வரை அவர் காகிதத்தில் விரல் வைத்துத் தேடினார்.

"என்னைப் போடவே இல்ல" என்றார். "ஆபீஸ்ல எவனும் இத கேட்டதில்ல."

அவள் அவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை உருவி, ஆடுகிற பஸ்ஸில் தன் வட்டத்தின் பக்கத்தில் இன்னொரு வட்டம் போட்டாள்.

"இன்னா இது, ரெண்டும் முட்டிக்கினு கீது. நடுவுல கேப் உடணும்" என்றார் அவர்.

"கேப்பெல்லாம் மெஷினுக்கு உடு" என்று சொல்லிவிட்டுப் பென்சிலைத் திரும்ப அவர் பையில் செருகினாள்.