அடம்பிடிக்காத பெண்

எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது குளியலறையைத்தான். கூடத்தை எல்லாரும் கூட்டித் துடைத்து வைத்திருப்பார்கள். குழந்தையின் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். குளியலறையை யாரும் எனக்காக ஜோடிப்பதில்லை. குழந்தையின் பிரஷ் பெரியவர்களின் பிரஷ்ஷோடு ஒரே குவளையில் நிற்கிறதா, தனியாக ஜன்னல் விளிம்பில் கிடக்கிறதா என்று பார்ப்பேன். தனியாகக் கிடந்தால் அந்த வீட்டில் அது இன்னும் விருந்தாளிதான். இதை எந்தக் கல்லூரியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

என் வேலை என்ன என்று கேட்டீர்கள். எங்கள் குழந்தைகள் இல்லத்திலிருந்து தத்தெடுக்க விரும்புகிறவர்கள் முதலில் கொஞ்ச காலம் குழந்தையை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் நீதிமன்றம் ஆணை தரும். அதுவரை குழந்தை அவர்கள் வீட்டில் இருக்கும். ஆனால் அவர்களுடையது இல்லை. அந்த இடைக்காலத்தில் அவ்வப்போது போய்ப் பார்ப்பது, ஒத்துப்போகிறதா என்று கவனிப்பது, தடுமாறினால் கை கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு. ஒவ்வொரு முறையும் குழந்தையோடு தனியாகப் பேச வேண்டும் என்பது விதி. கதவைச் சாத்திக்கொண்டு. பெரியவர்கள் முன்னால் சொல்ல முடியாததை அது என்னிடம் சொல்வதற்காக. நல்ல விதி. நான் அதை ஒரு தடவைகூட மீறியதில்லை.

அந்த இடைக்காலத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

தேர்ந்தெடுக்க வருகிறவர்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். காரை விட்டு இறங்கும்போதே கண் கலங்கியிருக்கும். உள்ளே வந்து உட்கார்ந்ததும், "கொஞ்சம் நிறமா இருக்கற மாதிரி..." என்று இழுப்பார்கள். ஓர் அம்மாள் ஒரு குழந்தையின் தலையை முகர்ந்துவிட்டுக் கைக்குட்டையால் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஒருவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார். "மாடு வாங்கவா வந்தோம்?" என்று மனைவி அவர் காதைக் கடித்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். டீயில் சர்க்கரை போதுமா என்று கேட்டேன்.

சக்கரம் என்று எங்களிடம் ஒரு பையன் இருந்தான். நிற்காமல் சுற்றிக்கொண்டே இருப்பான், அதனால் அந்தப் பெயர். ஒரு தம்பதி அவனைக் கூட்டிப் போனார்கள். ஆணை வருவதற்குள் ஒரு மத்தியானம் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். துணிகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, புதுப் பையில் அடுக்கியிருந்தார்கள்.

"செட் ஆகல மேடம்," என்றார் அவர். "தூக்கத்துல கத்தறான். எங்களுக்கும் ஒரு லைஃப் இருக்குல்ல?"

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சமையல்காரம்மா அவர்கள் காதில் விழட்டும் என்றே சொன்னாள்: "புதுச் செருப்பு கடிச்சாக்கூட நாலு நாள் பொறுத்துப் போட்டுப் பார்ப்பாங்க. இதுங்கல்லாம் என்ன ஜென்மமோ."

"நான் என்னக்கா செஞ்சேன்?" என்று சக்கரம் என்னிடம் கேட்டான். பதில் எனக்குத் தெரிந்துவிட்டது. கத்தியிருக்கிறான். அவ்வளவுதான் அவன் செய்த தப்பு. அதைச் செய்யக் கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். என் அப்பா சந்தையில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் நான். பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறது என்று என்னை அத்தை வீட்டில் விட்டார்கள். அங்கே இன்னொரு கரண்டி சோறு கேட்கக் கூடாது. அத்தை பெண்ணுக்கு முன்னால் சத்தமாகப் படிக்கக் கூடாது. ஒரு தடவை கடும் காய்ச்சலோடு வீட்டுப் பாத்திரம் முழுவதையும் தேய்த்தேன். அத்தை கண்டுபிடிக்கவே இல்லை. கண்டுபிடித்திருந்தால் செலவு வைக்கிறவள் என்று அடுத்த பஸ்ஸில் ஏற்றியிருப்பாள். இன்றைக்கு நான் மூட்டைகளுக்கு நடுவே இல்லாமல் உங்கள் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன் என்றால், வாயை மூடிக்கொண்டதால்தான். யாரும் எனக்கு இரங்கி எதுவும் தரவில்லை.

அதனால் நான் பாடம் எடுக்க ஆரம்பித்தேன்.

இல்லத்தில் ஒரு விளையாட்டு அறை உண்டு. வீட்டுக்குப் போகப் போகும் குழந்தையை அங்கே உட்கார வைப்பேன். நான் அம்மாவாக நடிப்பேன். அது குழந்தையாகவே நடிக்க வேண்டும். ஆனால் வேறு குழந்தையாக. முட்டை வைத்த தட்டைக் கொடுத்து, "இன்னும் வேணுமாம்மா?" என்பேன். வேணும் என்று சொன்னால் தட்டை எடுத்துவிடுவேன். மறுநாள் போதும் என்று சொல்லும். கெட்ட கனவு வந்தால் தலையணை ஓரத்தைக் கடிக்கச் சொல்லித் தந்தேன். படுக்கை நனைந்தால் யாரையும் எழுப்பாமல் ஈரத்தின் மேலேயே படுத்து உடம்புச் சூட்டில் காய வைக்கச் சொல்லித் தந்தேன்.

கடைசிப் பாடம் கொஞ்சம் கஷ்டம். முழங்கைக்கு மேலே, உள்பக்கம், சட்டைக்கை மறைக்கிற இடம். அங்கே கிள்ளிக்கொண்டே, "வலிக்குதாம்மா?" என்று அம்மா குரலில் கேட்பேன். சிரித்துக்கொண்டு இல்லை என்று சொல்ல வேண்டும். முதல் நாள் எந்தக் குழந்தையும் சொல்லாது. போகப் போகச் சொல்லிவிடும். அவை எவ்வளவு சீக்கிரம் கற்றுக்கொள்கின்றன என்று பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

எல்லாம் முடிந்ததும் சக்கரத்தைக் கூப்பிட்டு நிறுத்துவேன். "இவன் கத்தினான். அதான் திரும்பி வந்துட்டான்" என்று சொல்வேன். ஆரம்பத்தில் அவன் ஏதோ சொல்ல வாயைத் திறப்பான். அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. யாரோடும் பேசுவதையே விட்டுவிட்டான். சுற்றுவதும் நின்றது. பாடத்துக்கு அது இன்னும் வசதியாக இருந்தது.

பலன் இல்லாமல் இல்லை. அதன் பிறகு நான் அனுப்பிய ஒரு குழந்தைகூடத் திரும்பி வரவில்லை. "உனக்குக் கைராசிடீ" என்று நிர்வாகியம்மா எல்லார் முன்னாலும் சொன்னார். எப்படி என்று அவர் கேட்கவில்லை. நல்லபடியாக நடக்கிற காரியத்தை யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை.

இப்போது பட்டனைப் பற்றிச் சொல்கிறேன். சமையல்காரம்மா வைத்த பெயர் அது. "இவ சட்டையில எப்பவும் ஒரு பட்டன் இருக்காது. எங்கன்னு கேட்டா வாயில இருக்கும்" என்பாள். பட்டனுக்கு ஏழு வயது. பாடத்தை அவளைப் போல யாரும் பிடித்துக்கொண்டதில்லை. கிள்ளும்போது அவள் சிரிக்கிற சிரிப்பைப் பார்த்தால் நிஜமாகவே வலிக்கவில்லையோ என்று எனக்கே சந்தேகம் வரும். இன்னும் கொஞ்சம் அழுத்துவேன்.

அவளை எடுத்துக்கொண்டவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். மனைவி பள்ளியில் கணக்கு டீச்சர். அவர்கள் குளியலறையில் மூன்று பிரஷ்களும் ஒரே குவளையில் நின்றன. முகம் கழுவும் தொட்டிக்கு முன்னால் பட்டனுக்கு எட்டுவதற்காக ஒரு மரப்பலகை போட்டிருந்தார்கள். அதையெல்லாம் பார்த்தேன். பார்த்ததும் மயங்கிவிடுகிறவள் இல்லை நான்.

"மேடம், இவ எதுவுமே கேட்க மாட்டேங்கறா," என்றாள் டீச்சர். "போதுமாடீன்னா போதும். வேணுமாடீன்னா வேணாம். ஒரு தடவையாவது தட்டைத் தள்ளிவிட்டு எனக்குப் பிடிக்கலன்னு சொல்லேன்டீன்னு கெஞ்சறேன். சிரிக்கறா."

"என் கடைக்கு வர்றவங்ககூட இவ்வளவு மரியாதையாப் பேசினதில்ல," என்றார் அவர். "நேத்து மழையில குடை பிடிச்சதுக்குத் தேங்க்ஸ் சொல்றா. அப்பனுக்கு யாராவது தேங்க்ஸ் சொல்வாங்களா மேடம்?"

"அடக்கமான பெண். உங்க அதிர்ஷ்டம்" என்றேன். உள்ளுக்குள் எனக்கு எரிச்சல். எல்லாரும் முதலில் இப்படித்தான் உருகுவார்கள். நிஜமாகவே தட்டைத் தள்ளிவிட்டால் தெரியும், துணியை மடிக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்கள் என்று. சக்கரத்தின் அந்த அப்பாவும், நான் முதல் தடவை போனபோது, என்னிடம் அவன் சிரிப்பைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

தனியாகப் பேச வேண்டிய நேரத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, பட்டனிடம் பாடத்தை ஒப்பிக்கச் சொல்வேன். மறக்காமல் இருக்க வேண்டும் அல்லவா. "எதுவரைக்கும் அக்கா?" என்று ஒரு தடவை கேட்டாள். "ஜட்ஜ் கையெழுத்துப் போடற வரைக்கும். அப்புறம் நீ என்ன செஞ்சாலும் உன்னைத் திருப்பி அனுப்ப முடியாது. ஆசை தீரக் கத்து" என்றேன். அவள் அதை மனதுக்குள் பத்திரமாக வைத்துக்கொள்வது போலத் தலையாட்டினாள்.

கடைசித் தடவை நான் போனபோது தத்து வழக்கு நீதிமன்றத்துக்கு வர ஒரு வாரம் இருந்தது. டீச்சர் வாசலிலேயே என்னை நிறுத்தினாள்.

"மேடம், நேத்துலேர்ந்து சரியாச் சாப்பிடல. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறா. வலிக்குதாடீன்னா இல்லம்மான்னு சிரிக்கறா. எனக்கு என்னவோ மாதிரி இருக்கு. டாக்டர்கிட்ட காட்டிடட்டுமா?"

நான் யோசித்துத்தான் சொன்னேன். குழந்தையின் உடல்நலச் சான்றிதழை ஏற்கெனவே கொடுத்தாயிற்று. இப்போது மருத்துவமனை என்று போனால் புதுச் சான்றிதழ் கேட்பார்கள், வழக்கு தள்ளிப் போகும். தள்ளிப் போனால் இவர்களுக்கு மனம் மாற நேரம் கிடைக்கும். "ஆணை வர்ற நேரத்துல பயத்துல குழந்தைங்களுக்குச் சாப்பாடு இறங்காது. எங்க வேலையில இது சகஜம். ஒரு வாரம் பொறுங்க" என்றேன்.

"நீங்க படிச்சவங்க, பத்துக் குழந்தைங்களைப் பார்த்தவங்க. நீங்க சொன்னா சரி" என்றாள். மூட்டை தூக்குகிறவர் மகளிடம் ஒரு டீச்சர் அப்படிச் சொன்னாள். எனக்கு அது பிடித்திருந்தது. மறைக்கவில்லை.

இரண்டாம் நாள் காலையில், சாப்பிடாத தட்டைக் கழுவிக்கொண்டிருந்த பட்டன் அப்படியே விழுந்தாள். குடல்வால் வெடித்து வயிறு முழுக்கச் சீழ் பரவியிருந்தது. சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "இந்த வலியைப் பெரியவங்களே தாங்க மாட்டாங்கம்மா. சத்தமே போடாம எப்படி இருந்தா?" என்று டாக்டர் கேட்டார். மருத்துவமனை வராந்தாவில் பதில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். டீச்சர் போர்வையைப் பிடித்து உலுக்கிக்கொண்டே இருந்தாள். "ஏன்டீ சொல்லல, அம்மாகிட்ட ஏன்டீ சொல்லல" என்று ஒரே கேள்வி. மூக்கு ஒழுகி வாய்க்கு வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. எனக்குப் பார்க்கப் பிடிக்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பெட்டி படுக்கையோடு யாரும் வந்து பட்டனை எங்கள் வாசலில் விடவில்லை என்று அப்போது எனக்குத் தோன்றியது. கடைசிவரை அவள் அந்த வீட்டுப் பெண்ணாகத்தான் இருந்தாள். மருத்துவமனைச் சீட்டில் கண்ணாடிக் கடைக்காரர் தன் பெயரைத்தான் அப்பா பெயராகக் கொடுத்திருந்தார். ஆணை வருவதற்கு முன்பே.

சக்கரம் பேசியதால்தான் நீங்கள் என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள் என்று தெரியும். இவ்வளவு நாள் வாய் திறக்காதவன், சோறு போடும்போது சமையல்காரம்மாவிடம் கேட்டிருக்கிறான்: "பட்டனும் கத்தியிருந்தா திரும்பி வந்திருப்பா, இல்ல?" அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மீதியையும் கேட்டு வாங்கிவிட்டாள். மறுநாள் நான் போனபோது என் முகத்தில் அறையப் போகிறாள் என்று நினைத்தேன். அறையவில்லை. "உன்னையெல்லாம் தொட்டாக் கை கழுவணும்" என்றாள். அவளுக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது.

நேற்று நீங்கள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். அந்தக் குழந்தை உங்களிடம் ஏதாவது சொன்னதா என்று. இல்லை என்றேன். அது பொய்.

கடைசித் தடவை கதவைச் சாத்தியதும் பட்டன் என் பக்கத்தில் வந்து, என் கையை எடுத்துத் தன் வயிற்றின் வலது பக்கம் வைத்தாள். சூடாக, இறுகிப்போய் இருந்தது. "ரொம்ப வலிக்குதுக்கா" என்றாள். என்னிடம் சொல்லலாம் இல்லையா என்று கேட்பது போலப் பார்த்தாள்.

"அம்மாகிட்ட சொன்னியா?"

"இல்லக்கா. சொல்லவே இல்ல."

கெட்டிக்காரி என்று சொல்லித் தலையைத் தடவினேன். இன்னும் ஒரே வாரம் என்றேன். அவள் சரி என்றாள். கிளம்பும்போது சுவரைப் பிடித்துக்கொண்டே வாசல்வரை வந்து என் கையைப் பற்றிக்கொண்டாள். விடவே இல்லை. அந்த டீச்சர் பின்னால் நின்று கூப்பிட்டாள், அப்போதும் விடவில்லை. நான்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தேன். யார் தங்கள் பக்கம் நிற்கிறார்கள் என்று குழந்தைகளுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது.