குத்தம் யாருதுன்னு எழுதுங்க

அங்குட்டுப் போகாதீங்கய்யா, இங்குட்டு வாங்க. காருக்குப் பின்னாடிதான அடி, அத மொதல்ல பாருங்க. மதுரையில இருந்து காரியாபட்டி வழியா அம்புட்டுப் புழுதியவும் தின்னுட்டு வந்துருக்கீக, மோரு கொண்டாரட்டுமா? வேணாமா? அப்பச் சரி. எனக்கும் இன்னைக்குப் பொழுது கொஞ்சந்தான் இருக்கு.

ஆமா, ஐயாத்துரை நாந்தான். வத்தல் கடை வச்சிருக்கேன். ஜெர்மன் சண்டை முடிஞ்சு, பெட்ரோலுக்கு ரேசன் கூப்பன் கிடைச்ச பொறகு வாங்குன காரு இது. இன்சூரன்ஸ் கட்டணும்னு சர்க்கார் சொல்லுச்சு, உங்க கம்பெனியில கட்டுனேன்.

பாருங்க, பின் பெட்டி எங்க இருக்குன்னு தெரியுதா? சீட்டோட போயி ஒட்டிக்கிருச்சு. லாரி மூஞ்சி பூந்த எடம் இது. ஓடிக்கிட்டா இருந்துச்சு? இல்லய்யா, நின்னுக்கிட்டுல்ல இருந்துச்சு! பந்தல்குடி ரோட்டுல, ரோட்ட விட்டுக் கீழ எறக்கி, உடைமர நெழல்ல நிறுத்திருந்தேன். ரேடியேட்டர் கொதிச்சுப் போச்சு. தகர டப்பாவத் தூக்கிக்கிட்டு ஊருணிக்குத் தண்ணிக்குப் போனேன். என் வீட்டுக்காரி கோகிலாம்பாள் பின் சீட்டுல இருந்தா. அவ அப்பன் வீட்டுக்குத்தான் போயிக்கிட்டு இருந்தோம்.

தண்ணிய மோந்துட்டு நிமிருறேன், பஞ்சுப் பொதி ஏத்துன லாரி வருது. ஓட்டுறவன் தலை ஸ்டேரிங்கு மேல கெடக்கு. தூங்குறான்யா! தொண்டை கிழியக் கத்துனேன். காரத் தூக்கிக் கம்மங்காட்டுக்குள்ள எறிஞ்சுருச்சு. கடப்பாரை போட்டு நெம்பித்தான் அவள எடுத்தோம். முழுசா வரல. அதுக்கு மேல கேக்காதீங்க. சீட்டுல கொடம் கொடமா தண்ணி ஊத்திப் பாத்துட்டேன், கறை போகல.

அடிச்சேனாவா? கொஞ்சுவாகளா? எஞ்சினக் கிளப்பச் சுத்துற இரும்பு ஹேண்டில உருவி, லாரி ஓட்டுன அந்தப் பால்பாண்டி வாயிலயே போட்டேன். பல்லு தெறிச்சுச்சு. கைய மறிச்சான், கைய ஒடைச்சேன். வழியில போன ஆளுக என்னய அமுக்கிப் புடிக்கலைன்னா அங்கனயே முடிச்சுருப்பேன்.

போலீசு என்ன எழுதுனாக தெரியுமா? பிரேக்கு அந்து போச்சாம். யாரு மேலயும் குத்தமில்லையாம். லாரி மொதலாளி சுப்புராஜ் டவுனுல பெரிய ஆளு, அவுக சொன்னா பிரேக்கு அறும். அந்து போன பிரேக்கோட அந்த லாரிய அன்னைக்கே வீட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போனாகய்யா!

காசா? ஒத்தக் காசு வேணாம். நீங்க எழுதுறதுல ஒரு வரி வேணும், லாரி ஓட்டுனவன் குத்தம்னு. எவனாச்சும் ஒருத்தன் எழுதணும்ல? செத்துப் போனவளுக்கு அதுகூட இல்லைன்னா எப்படி? எழுதுறீகளா... வாசிங்க. ம். நல்லாருங்க. உங்க புள்ளைகுட்டி நல்லாருக்கட்டும்.

முன்னாடியா? வாங்க, இப்பப் பாக்கலாம். ஆமா, வெளக்கு ரெண்டும் ஒடைஞ்சுதான் இருக்கு. ரத்தந்தான். கிடா ரத்தம்.

எங்க பக்கத்து வண்டிக்காரங்க கிட்ட ஒரு வழக்கம் இருக்குய்யா. ஒரு உசுர எடுத்த வண்டி அடுத்த உசுரும் கேக்குமாம். இடிச்ச வண்டியும் இடிபட்ட வண்டியும் நேருக்கு நேரா நிறுத்தி, நடுவுல கிடா வெட்டி, ரெண்டுக்கும் ரத்தம் பூசணும். சுப்புராஜ் ஆள் விட்டாக. காரக் கொண்டாங்க, இதோட பகை தீந்துரும்னாக. பொண்டாட்டியப் பறிகொடுத்தவன் கிட்டச் சொல்ற சொல்லா இது? எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகல, ஓட்டிக்கிட்டுப் போனேன். இன்னைக்குக் காலையிலதான், பந்தல்குடி முனியாண்டி கோயில்ல.

பால்பாண்டி மாலையும் குங்குமமுமா நின்னான். ஒடைஞ்ச கையத் துண்டுல கட்டித் தொங்கவிட்டுக்கிட்டு, மறு கையில கிடாக் கயிறு. நான் எஞ்சின நிறுத்தல. ஒரே வெட்டு, கிடா விழுந்துச்சு. அவன் ரத்தத்தத் தொட்டு என் காருல பூச வந்தான். என்னயப் பாத்துச் சிரிச்சான்யா, அந்தப் பல்லில்லாத வாய வச்சுக்கிட்டு. பயத்துல சிரிச்சானோ என்னமோ.

ஆமாய்யா. கிடா ரத்தமும் இருக்கு.

அவன லாரி மூஞ்சியோட வச்சு அழுத்துனேன். பின்னால எடுத்துட்டு மறுபடியும் போனேன். கூட்டம் காட்டப் பாத்து ஓடிருச்சு. நீங்க இன்னைக்கு வாரேன்னு சொல்லிருந்தீக, அதான் நேரா இங்க வந்துட்டேன்.

உக்காருங்க. உங்கள நான் என்ன செய்யப் போறேன். ஸ்டேஷனுக்கு நானே சொல்லி விட்டுட்டேன், வந்துக்கிட்டுத்தான் இருப்பாக. அதுக்குள்ள பேனாவ எடுங்க. பின்பக்கம் அவன் குத்தம்னு எழுதுனீகள்ல, அதுக்குக் கீழயே எழுதுங்க. முன்பக்கம் ஐயாத்துரை குத்தம். முழிச்சுக்கிட்டுத்தான் ஓட்டுனான்னு போடுங்க.