ஐந்தாம் புத்தகம், இரண்டாம் அச்சு

— பதினாலு பக்கம் குறையுது சார்.

— எதுல?

— ஐந்தாம் புத்தகத்துல. முதல் அச்சு இருநூத்தி ஆறு பக்கம். ரெண்டாம் அச்சு நூத்தித் தொண்ணூத்திரெண்டு.

— ஏம்மா, தொகுப்புக்குப் பின்னாடி போடறதுக்கு நாலு பக்கத்துல பதிப்பு வரலாறு எழுதிக் குடுன்னா, நீ பக்கத்தை எண்ணிட்டு உட்கார்ந்திருக்கியா?

— பிழை திருத்தறவகிட்ட குடுத்தீங்க. அவ எண்ணத்தான் செய்வா.

— எழுத்தைச் சின்னதாக்கியிருப்போம். அப்பல்லாம் பேப்பர் கெடைக்காது. அதை விடு. முதல்ல இருந்து வாசி, எப்படி ஆரம்பிச்சிருக்கேன்னு பாப்போம்.

— 'வான்துறை' மூலத்தொடர், புரொபசர் எழுதியது, பன்னிரண்டு புத்தகங்கள். விண்வெளியில் மிதக்கும் ஒரு துறைமுக நகரத்தின் கதை. அதிலிருந்து கிளைத்த தொடர் 'குழாய்க்காரர்கள்', 'ஸ்பானர்' என்ற புனைபெயரில் வந்தது, எட்டுப் புத்தகங்கள். அதே நகரத்தின் அடித்தளத்தில் குழாயும் வால்வும் பார்க்கிற தொழிலாளிகளின் கதை. இதுவரைக்கும் சரியா சார்?

— சரி. ஆனா உயிர் இல்ல. ஸ்பானர் முதமுதல்ல இந்த ஆபீசுக்கு வந்ததை எழுதணும்மா. கைல கிரீஸ், சட்டைல கிரீஸ், கையெழுத்துப் பிரதியிலயும் கிரீஸ். உரத் தொழிற்சாலையில ஃபிட்டர். என்னைப் பார்த்து நேரா கேட்டான், "உங்க புரொபசர் கதையில எல்லாரும் கப்பல் ஓட்டறாங்களே, அந்த ஊர்ல கக்கூஸ் அடைச்சுக்கிட்டா யாரு சார் வருவா?"ன்னு.

— அதுக்கு நீங்க?

— சிரிச்சுட்டேன். ராத்திரிக்குள்ள படிச்சு முடிச்சேன். மறுநாள் புரொபசர் வீட்டு வாசல்ல போய் நின்னேன், அனுமதி வாங்கறதுக்கு. மனுஷன் மூக்கைச் சுளிச்சார். "என் நகரத்துல சாக்கடையா?"ன்னார். முதல் புத்தகம் நாலே மாசத்துல தீர்ந்ததும், "என் நகரத்துச் சாக்கடை"ன்னு எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிட்டுத் திரிஞ்சார்.

— அட்டையில ஒரு பொண்ணு கைல ஏதோ கதிர்த் துப்பாக்கி வச்சிட்டு நிக்கறா. புத்தகத்துல அப்படி ஒருத்தியே இல்லையே.

— ஓவியர் புத்தகத்தைப் படிக்கல. சினிமா போஸ்டர் வரையற ஆளு, எதைக் குடுத்தாலும் ஒரு பொண்ணை வரைஞ்சுடுவார். ஸ்பானர் அதைப் பார்த்துட்டு, "சார், துப்பாக்கியை எடுத்துட்டு அந்தம்மா கைல ஒரு ரெஞ்சைக் குடுங்க, அழகா இருக்கும்"னான். ரெண்டாம் புத்தகத்துல குடுத்தோம். வந்த கடுதாசி எல்லாம் எலெக்ட்ரீஷியன், வெல்டர், லிஃப்ட் ஆபரேட்டர். இதை எழுது. மூணாவது ஏன் லேட்டு? அவனுக்கு மணிக்கட்டு முறிஞ்சுது, சம்சாரம் உட்கார்ந்து எழுத அவன் சொல்லிச் சொல்லி முடிச்சான். அதையும் எழுது. நாலாவதுக்குப் புரொபசர் முன்னுரை. அதையும்.

— ஐந்தாவது?

— ஐந்தாவதும் வந்துச்சு.

— ரெண்டு தடவை வந்துச்சு சார். முதல் அச்சு வந்த பதினொண்ணாம் நாள், கடைகள்ல இருந்து, நூலகங்கள்ல இருந்து எல்லாத்தையும் திரும்ப எடுத்திருக்கீங்க. இருபத்தாறாம் நாள் ரெண்டாம் அச்சு. உள்ள 'திருத்திய பதிப்பு'ன்னு சின்னதா போட்டிருக்கு. ஒன்பதாம் அத்தியாயம் இல்ல. பத்தாம் அத்தியாயத்துக்கு ஒன்பதுன்னு நம்பர்.

— முதல் அச்சு ஒரு பிரதி கூட மிச்சம் இல்லையே. உனக்கு எங்க கெடைச்சுது?

— நூலகத்துல. நீங்க திரும்ப வாங்கின சமயத்துல அது ஒரு வாசகர் வீட்டுல இருந்திருக்கு. ஆள் பத்தொன்பது வருஷம் திருப்பித் தரவே இல்ல. போன மாசம் வீடு காலி பண்ணும்போது கொண்டுவந்து குடுத்துட்டுப் போயிருக்கார்.

— படிச்சியா?

— ஞாயித்துக்கிழமை மத்தியானம் சத்தமாவே படிச்சேன். என் வீட்டுக்காரர் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டுட்டு இருந்தார். பாதியில கையை எடுத்துட்டார்.

— அவர் என்ன பண்றாரு?

— உரத் தொழிற்சாலைதான் சார். பம்ப் செக்‌ஷன்.

— ஓ.

— உங்களுக்குத் தெரியாதா? நாலு வருஷமா உங்ககிட்ட வேலை பார்க்கறேன்.

— உன்னை நம்ம ஆபீஸ் மேனேஜர்தானேம்மா எடுத்தார். நான் ஆளோட வேலையைப் பார்ப்பேன், வீட்டையெல்லாம் விசாரிக்கறதில்ல. சரி, அதை விடு. அந்த அத்தியாயம் கதைக்குத் தேவைப்படல, எடுத்தேன். எடிட்டர் செய்யற வேலைதானே?

— அந்தப் புத்தகத்துல அது ஒண்ணுதான் சார் கதை. மூணாம் நம்பர் டேங்க். ரெண்டு சுவர் வச்சது, நடுவுல காலி இடம். உள்சுவர்ல விரிசல் விட்டா விஷவாயு அந்தக் காலி இடத்துல வந்து சேரும். அந்த அழுத்தத்தை அளக்க ஒரு கேஜ். முள்ளு பூஜ்யத்துல இருக்கணும். கதைல வர்ற குழாய்க்காரன் பார்க்கும்போது பதினொண்ணு. மேல எழுதிப் போடறான். பதில் இல்ல. திரும்ப எழுதறான், கேஜ் கண்ணாடி மேல பெயின்ட் அடிச்சுடறாங்க. "வெளிச்சுவர் நாற்பது வரைக்கும் தாங்கும். நாற்பதைத் தொட்டா யாரும் யாருக்கும் சொல்லி அனுப்ப நேரம் இருக்காது." கடைசி வரி அது.

— நல்லாத்தான் எழுதுவான் பாவி.

— என் வீட்டுக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? "எங்க மூணாம் டேங்க்லயும் ஒரு கேஜ் இருக்கு. கண்ணாடி முழுக்கப் பச்சைப் பெயின்ட். நான் வேலைக்குச் சேரும்போதே அப்படித்தான். அது வேலை செய்யாத கேஜ்னு சொன்னாங்க"ன்னார்.

— தொழிற்சாலைன்னா எல்லாத்துக்கும்தான் பெயின்ட் அடிப்பாங்க. நீ ஏன் இதைப் போட்டு... இது விண்வெளிக் கதைம்மா!

— ஸ்பானரோட சம்சாரத்துகிட்ட பேசினேன் சார். வரலாறு எழுதறதுக்குன்னு போன் நம்பர் தேடிப் பிடிச்சேன்.

— அவங்க இருக்காங்களா?

— அவங்க இருக்காங்க. அவர்தான் போயிட்டார், ரெண்டு வருஷமாச்சு. அந்தம்மா சொன்னாங்க, "அவரு அதைக் கதையா எழுதலம்மா. மூணு தடவை ரிப்போர்ட்டா எழுதினாரு. யாரும் படிக்கல. நாலாவது தடவைதான் கதையா எழுதினாரு. கதைன்னா எப்படியும் நாலு பேர் படிப்பாங்கன்னாரு."

— போதும்.

— யாரு சார் எடுக்கச் சொன்னது?

— யாரும் சொல்லல. அதான் விஷயமே. யாரும் சொல்லவே இல்ல. தொழிற்சாலை மேனேஜர் வந்தார். நீ உட்கார்ந்திருக்கியே, அதே எடத்துலதான் உட்கார்ந்தார். ரொம்ப மரியாதை. காபி குடிச்சார். "உங்க புத்தகங்களை நான் விரும்பிப் படிக்கறேன்"னார். அப்புறம் மெதுவா, "ரெண்டாயிரம் பேர் வேலை செய்யறாங்க சார், அவங்க குடும்பம் எல்லாம் சுத்தித்தான் இருக்கு. பீதியைக் கிளப்பிட்டு நாளைக்கு நீங்களும் நானும் நிம்மதியா தூங்க முடியுமா?"ன்னார். எழுந்து கும்பிட்டுட்டுப் போயிட்டார். அவ்வளவுதான்.

— நீங்க பதினாலு பக்கத்தைக் கிழிச்சுட்டீங்க.

— அந்த வாரமே ஸ்பானருக்கு வேலை போச்சு. வந்தான். உள்ள வரல, மாடிப்படியிலயே உட்கார்ந்துட்டான். சண்டை போடுவான்னு நெனச்சேன். "எடுத்துட்டீங்களா சார்?"னு மட்டும் கேட்டான். "ஆமாண்டா"ன்னேன். "சரி சார்"னு எந்திரிச்சுப் போனான். அதுக்கப்புறம் நான் அவனைப் பார்க்கவே இல்ல.

— அப்ப ஆறு, ஏழு, எட்டு?

— நான்தான் எழுதினேன்.

— நெனச்சேன். ஆறாம் புத்தகத்துல குழாய்க்காரன் ரெஞ்சைச் சுத்தியல் மாதிரி பிடிக்கறான்.

— கிண்டல் பண்ணு. வாசகர்கள் கேட்டுட்டே இருந்தாங்க, தொடரை அப்படியே அந்தரத்துல விட முடியல. அவன் பேர்லயே போட்டேன். அது தப்புதான். ஒத்துக்கறேன், வரலாத்துல எழுதிக்கோ. ஆனா ஒண்ணும்மா, அந்த அத்தியாயத்துல ஒரு வார்த்தையைக் கூட நான் நம்பல. சத்தியமா சொல்றேன். மேலதிகாரி மேல கோபம், புத்தகத்துல கொட்டிட்டான்னுதான் நெனச்சேன். நம்பியிருந்தா எடுத்திருப்பேனா? நான் என்ன அரக்கனா?

— நான் அப்படிச் சொல்லல சார்.

— மூஞ்சி சொல்லுதே. யாரு, உன் போனா? எடு, பரவாயில்ல, எடு.

— சொல்லுங்க... ஆபீஸ்லதான்... ஆங், போனீங்களா?... ஆணியாலயா? யாரும் பார்க்கலையே?... எவ்வளவு?... கேக்கல, இன்னொரு தடவை சொல்லுங்க... கண்ணாடியை நல்லாத் துடைச்சுட்டுப் பார்த்தீங்களா?... சூப்பர்வைசர் என்ன சொன்னாரு?... எழுதிக் குடுக்கச் சொன்னாரா?... எழுத வேணாம். எதையும் எழுத வேணாம். நீங்க வெளிய வந்துடுங்க... மத்தவங்களையும்தான், கத்துங்க, அடிக்கற மணியை அடிங்க, பைத்தியம்னு சொன்னா சொல்லட்டும்... வைக்கறேன்.

— என்னவாம்?

— என் வீட்டுக்காரர்தான். இன்னிக்குச் சாப்பாட்டு நேரத்துல பெயின்ட்டைச் சுரண்டிப் பார்க்கறேன்னு சொல்லியிருந்தார். பார்த்துட்டார்.

— எவ்வளவு?

— முப்பத்தொன்பது.

— கேஜ் கெட்டுப் போயிருக்கும்.

— கெட்டுப் போன முள்ளு ஆடாது சார். இது ஆடிட்டு இருக்காம்.

— எந்திரி. ஃபேனை நிறுத்து. அந்த ஜன்னலை... ஐயோ, காத்து இந்தப் பக்கமாத்தானே அடிக்குது. நான் தீயணைப்புக்கு, கலெக்டருக்கு, எல்லாருக்கும் பேசறேன். கார்ல இருந்தே பேசறேன். நீ கீழ அச்சுக்கூடத்துல எல்லாரையும் வெளிய போகச் சொல்லு. கிழக்கால போகக் கூடாது, பாலத்தைத் தாண்டி மேட்டுப் பக்கமா போகணும். ஈரத் துணி. மூக்குல ஈரத் துணி கட்டிக்கணும்.

— ஈரத் துணி விஷயம் எங்க படிச்சீங்க சார்?

— அந்த அத்தியாயத்துலதான். எட்டாவது பக்கம்.

— ஒரு வார்த்தை கூட நம்பலைன்னீங்களே.

— இப்ப அதுவா பேச்சு? பை எடு. உனக்குக் குழந்தைங்க இருக்கில்ல?

— ரெண்டு பேர். ஸ்கூல் லீவு. வீட்டுலதான் இருக்காங்க, மாமனாரோட. நீங்க பேசும்போதே போன் போட்டேன், எடுக்கல. மத்தியானம் மூணு பேரும் தூங்குவாங்க.

— வீடு எங்க? வா, என் கார்ல போயிடலாம். வழி மட்டும் சொல்லு.

— வழி உங்களுக்குத் தெரியும் சார்.

— எனக்கு எப்படித் தெரியும்?

— முதல் அச்சோட கடைசிப் பக்கத்துல பதிப்பாசிரியர் வீட்டு விலாசம்னு போட்டிருக்கு. தொழிற்சாலை மதில் சுவருக்குப் பின்னாடி, ரெண்டாவது தெரு. இருபத்தாறு நாள் கழிச்சு ரெண்டாம் அச்சுல அதே எடத்துல வேற விலாசம். மலை மேல ஒரு ஊரு, நூறு கிலோமீட்டர் தள்ளி.

— அது... என் பையனுக்கு மூச்சுத்திணறல் இருந்துச்சு, டாக்டர் சொன்னாருன்னு...

— பையனுக்காகத்தான். தெரியுது சார்.

— வித்துட்டேன்மா. புரோக்கர்கிட்ட சாவியைக் குடுத்துட்டுக் கெளம்பிட்டேன். யார் வாங்கறாங்கன்னு நான் பார்க்கவே இல்ல.

— என் மாமனார் வாங்கினார். வேலைக்குப் பக்கத்துல இவ்வளவு நல்ல வீடு இவ்வளவு அவசரமா யாரு விப்பாங்கன்னு இன்னமும் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுவார். சாவியை எடுங்க சார், உங்க பழைய வீட்டுக்குத்தான் போகணும்.